பேரரசரின் அரண்மனையில் மக்களின் பொருட்கள்: அடிஸ் அபாபா நாட்குறிப்பு

புதன், இரவு

அடிஸ் அபாபா கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். வந்து இறங்கிய அன்று இரண்டு மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. தங்கை இங்கே ஒரு பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். அவள் வீட்டில்தான் தங்கல். எத்தியோப்பியாவுக்கும் இந்திய வாத்தியார்களுக்கும் நீண்ட உறவு உண்டு. பேரரசர் ஹைலி செலாசி காலத்திலேயே இந்தியாவிலிருந்து ஆசிரியர்கள் வந்து ஊர் ஊராகப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். கேரளத்துக்காரர்கள் அதிகம், தமிழர்களும் உண்டு. டாக்சி ஓட்டி வந்த பெரியவர், நான் இந்தியா என்று சொன்னதுமே தன் இயற்பியல் ஆசிரியரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

"அக்கா, லாலிபெலா, ஹரார் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல யுனிவர்சிட்டிக்குள்ள இருக்கிற மியூசியத்துக்குப் போ. அதைப் பார்க்காம வெளியூர் போனா பாதி விஷயம் புரியாது" என்றாள் தங்கை. நான் வந்ததே அதற்காகத்தான். ஆப்பிரிக்க மக்களின் உடை, கலை, சடங்கு பற்றி இதுவரை நான் படித்ததில் பெரும்பகுதி லண்டன், பாரிஸ், பெர்லின் காட்சியகங்களில் இருக்கும் பொருட்களை வைத்து எழுதப்பட்டது. அந்த மாதிரிப் பொருட்களை அவை பிறந்த நாட்டிலேயே, அவற்றைப் புழங்குகிற மக்கள் பக்கத்தில் நின்று பார்க்கும் இடத்தில் பார்க்க வேண்டும் என்று பல வருஷமாக ஆசை.

வியாழன்

சிதிஸ்ட் கிலோ என்ற வட்டச் சந்திப்பில் இறங்கினால் எதிரே அடிஸ் அபாபா பல்கலைக்கழகத்தின் பெரிய வாசல். காவலாளிக்குப் பாஸ்போர்ட்டைக் காட்டி, பையைச் சோதனைக்குக் கொடுத்து உள்ளே போனோம். உயர்ந்த மரங்கள், புத்தகப் பையோடு மாணவர்கள், நடுவே ஓர் அரண்மனை. பெயர் கென்னதெ லேஉல். ஹைலி செலாசி 1930-களில் தமக்காகக் கட்டிக்கொண்ட வீடு இது. இப்போது எத்தியோப்பிய ஆய்வு நிறுவனமும், அதன் இனவியல் அருங்காட்சியகமும் இதற்குள்தான் இருக்கின்றன.

உள்ளே போவதற்கு முன் இந்தக் கட்டடத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1936-இல் முசோலினியின் படை நாட்டைப் பிடித்ததும், இத்தாலிய வைஸ்ராய் கிராசியானி இந்த அரண்மனையில் குடியேறினார். 1937 பிப்ரவரி 19 அன்று இதே வளாகத்தில் ஏழைகளுக்குத் தானம் வழங்கும் விழா நடந்தபோது, அப்ரஹா தெபோச், மோகெஸ் அஸ்கெதோம் என்ற இரண்டு எரித்திரிய இளைஞர்கள் அவர்மீது கையெறி குண்டுகளை வீசினார்கள். கிராசியானி காயத்தோடு பிழைத்துக்கொண்டார். அதற்குப் பழிவாங்க இத்தாலியர்கள் மூன்று நாட்கள் இந்த ஊரில் கண்ணில் பட்டவர்களையெல்லாம் கொன்றார்கள், வீடுகளைக் கொளுத்தினார்கள். இறந்தவர்கள் 30,000 பேர் என்பது எத்தியோப்பிய அரசின் கணக்கு. பிற்கால ஆய்வு 20,000-ஐ ஒட்டிச் சொல்கிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

அரண்மனைக்கு முன்னால் எங்கேயும் போய்ச் சேராத ஒரு படிக்கட்டு வளைந்து வளைந்து மேலே போய் அப்படியே நின்றுவிடுகிறது. பாசிச ஆட்சியின் ஆண்டுக்கு ஒரு படி என்று இத்தாலியர்கள் கட்டியது. நாடு விடுதலை அடைந்தபின் எத்தியோப்பியர்கள் அதை இடிக்கவில்லை. உச்சிப் படியில் யூதாவின் சிங்கத்தை, அதாவது தங்கள் அரச குலத்தின் சின்னத்தை, உட்காரவைத்துவிட்டார்கள். சிங்கம் உருவத்தில் சிறியதுதான். மாணவர்கள் அதன் அடியில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள்.

1960 டிசம்பரில் பேரரசர் பிரேசிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து மெய்க்காவல் படை ஆட்சியைப் பிடிக்க முயன்றது. பிணையாகப் பிடித்த அமைச்சர்களையும் பிரபுக்களையும் இந்த அரண்மனையின் கூடத்தில்தான் சுட்டார்கள். அதன்பின் பேரரசருக்கு இங்கே குடியிருக்க மனம் வரவில்லை போலும். அரண்மனையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். 1963-இல் ஆய்வு நிறுவனம் தொடங்கியது. அதன் முதல் இயக்குநர் ரிச்சர்ட் பான்கர்ஸ்ட், பிரிட்டிஷ் பெண்ணுரிமைப் போராளி சில்வியா பான்கர்ஸ்டின் மகன். நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் வளர்த்தெடுத்தவர் ஸ்டானிஸ்லாவ் ஹோய்நாட்ஸ்கி என்ற போலந்துக்காரர்.

சரி, உள்ளே போவோம்.

இந்த அருங்காட்சியகத்தில் எனக்கு முதலில் பிடித்தது அதன் வரிசை. எத்தியோப்பியாவில் 80-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. வேறு யாராவது அமைத்திருந்தால் அம்ஹாரா அறை, ஒரோமோ அறை, சோமாலி அறை என்று பிரித்திருப்பார்கள். இங்கே அப்படிப் பிரிக்கவில்லை. குழந்தைப் பருவம், வளர்ந்த பருவம், சாவும் அதற்கு அப்பாலும் என்று மனித வாழ்க்கையின் போக்கில் அடுக்கியிருக்கிறார்கள். வடக்கே திக்ராய்த் தாயின் பொருளும் தெற்கே ஓமோ ஆற்றங்கரைத் தாயின் பொருளும் ஒரே சுவரில் இருக்கின்றன. இனத்தின் பெயரைச் சொல்லி எத்தனையோ சண்டைகள் நடந்திருக்கும் நாடு இது, அண்மையிலும் நடந்திருக்கின்றன. அதை நினைத்துக்கொண்டு பார்க்கும்போது இந்த வரிசையின் அருமை இன்னும் நன்றாகத் தெரிகிறது.

குழந்தைப் பருவப் பகுதியில் தாய் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொள்ளும் தோல் ஏணை ஒன்று. ஓரமெல்லாம் சோழி வைத்துத் தைத்திருக்கிறார்கள். கண்ணேறு படாமல் காக்கும், அழகுக்கும் அழகு. பக்கத்திலேயே கெபெடா பலகை. எனக்கு அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. நம் பல்லாங்குழியேதான், குழிகளின் எண்ணிக்கையும் வரிசையும் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. மூன்று வரிசை வைத்து ஆடுவதும் இங்கே உண்டு. நான் சொன்ன பான்கர்ஸ்ட், இந்த நாட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் ஆடப்படும் கெபெடா வகைகளைத் திரட்டி 1971-இல் வெளியிட்டார். நூற்றுக்கும் மேல் வருகிறது. எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்த இளம்பெண், "என் பாட்டி தரையில் குழி தோண்டியே ஆடுவார்" என்றார். "எங்க ஆச்சியும் தான்" என்றாள் தங்கை. அதற்கப்புறம் இரண்டு பேரும் காய்களை எந்தப் பக்கம் சுற்றிப் போடுவது என்பதைப் பற்றிப் பேச ஆரம்பித்து, அடுத்த பெட்டிக்கு நகரவே நேரமாகிவிட்டது.

வளர்ந்த பருவப் பகுதிதான் பெரியது. தலைக்கட்டைகள் முன்னால் வெகுநேரம் நின்றேன். ஒரே மரத்துண்டில் குடைந்தெடுத்தவை: கீழே ஒரு கால், மேலே பிறை போல வளைந்த சிறு மேடை. படுக்கும்போது கழுத்துக்குக் கீழே வைத்துக்கொள்வார்கள். நாள் கணக்கில் உட்கார்ந்து பின்னி, வெண்ணெய் பூசி, களிமண் அப்பி அமைத்த கூந்தல் தரையில் பட்டுக் கலையாது. பகலில் அதுவே முக்காலி. தெற்கே ஹமர், காரோ ஆண்கள் மேய்ச்சலுக்குப் போகும்போது இதைக் கையிலேயே கொண்டு போவார்கள். ஒரு தலைக்கட்டையின் வளைவு மட்டும் எண்ணெய் குடித்துக் கறுத்து மினுமினுத்தது. அடிப்பாகம் வெளிறிய மரமாகவே இருந்தது. ஒரு மனிதனின் பிடரி எத்தனையோ வருஷம் பட்ட இடம் அது. காவியின் சிவப்பும் கொஞ்சம் விரிசலில் ஒட்டியிருந்தது. சுத்தம் செய்கிறேன் என்று அதைத் துடைத்துவிடாமல் விட்டுவைத்தவர்களுக்கு நன்றி சொல்லத் தோன்றியது.

அடுத்து ஹமர் பெண்களின் உடை. ஆட்டுத்தோலை மென்மையாக்கி, சோழியும் மணியும் கோத்து, முன்னால் குட்டையாகவும் பின்னால் நீண்டு இறங்குவதாகவும் தைத்தது. கல்யாணமான பெண் கழுத்தில் கனத்த இரும்பு வளையங்கள் போட்டிருப்பாள். முதல் மனைவிக்கு மட்டும் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு கழுத்தணி கூடுதல். ஹமர் இளைஞன் கல்யாணத்துக்குத் தகுதி பெற வரிசையாக நிற்கும் மாடுகளின் முதுகில் ஏறி ஓடிக் கடக்க வேண்டும். அந்தச் சடங்கில் அவன் குடும்பத்துப் பெண்கள் தாங்களே முன்வந்து சாட்டையடி வாங்குகிறார்கள். அந்தத் தழும்புகள் அவன்மீது அவர்களுக்கு உரிமை தரும். அதைப் படித்தபோது எனக்கு மனம் ஒப்பவில்லை, இப்போதும் ஒப்பவில்லை. ஆனால் காட்சியகம் அதை மறைக்கவும் இல்லை, வேடிக்கைப் பொருளாக ஆக்கவும் இல்லை என்பது முக்கியம்.

முர்சிப் பெண்களின் உதட்டுத் தட்டும் அப்படித்தான். பதினைந்து, பதினாறு வயதில் கீழுதட்டைக் கீறி, சின்னக் குச்சியில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக் களிமண் தட்டு வைப்பார்கள். அடிமை வியாபாரிகள் தூக்கிக்கொண்டு போகாமலிருக்கத் தங்களை அசிங்கப்படுத்திக்கொள்ள ஆரம்பித்த பழக்கம் என்று சுற்றுலாக்காரர்களிடம் ஒரு கதை புழங்குகிறது. முர்சிகளோடு நெடுங்காலம் வாழ்ந்து ஆராய்ந்த மானிடவியலாளர்கள் இதை ஏற்பதில்லை. அது பெண்ணின் முதிர்ச்சிக்கும் பெருமைக்கும் அடையாளம். கணவனுக்குச் சாப்பாடு பரிமாறும்போது, விழாக்களில், அணிவது. உள்ளங்கை அளவுத் தட்டு ஒன்றின் விளிம்பில் நகத்தால் கீறிய கோலம் இருந்தது. ஓமோ பள்ளத்தாக்கில் இந்தப் பெண்களைப் படத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து வரிசையாக நிறுத்திப் படம் எடுப்பது இன்றும் நடக்கிறது. அதைவிட இந்தத் தட்டை இங்கே நின்று நிதானமாகப் பார்ப்பது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

போரானா மேய்ப்பர்களின் பால் குடுவையைத் தவற விடாதீர்கள். தண்ணீர்விட்டான் கொடியின் இனத்தைச் சேர்ந்த செடிகளின் வேர் நாரை எடுத்துப் பின்னியது. பால் சொட்டுகூடக் கசியாத அளவுக்கு நெருக்கமான பின்னல். உள்ளே வாசனைக் கட்டைக் கொள்ளியைப் போட்டுப் புகை மூட்டுவார்கள். பால் சீக்கிரம் கெடாது, மணமும் ஏறும். மூடியைச் சுற்றிச் சோழி. இதைப் பின்னுவது பெண்கள். ஒன்று முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

அதே பகுதியில் சாதாரணமான ஒரு கம்பு. ஒரோமோப் பெண்ணுக்குக் கல்யாணத்தன்று தாய் கொடுப்பது, பெயர் சிங்கே. கணவன் வரம்பு மீறினால் அவள் இதை எடுத்துக்கொண்டு வெளியே வந்து குரல் கொடுப்பாள். ஊர்ப் பெண்கள் தங்கள் கம்புகளோடு கூடிவிடுவார்கள். சண்டை போடும் இரு கூட்டத்துக்கு நடுவில் பெண்கள் சிங்கேயைப் பிடித்து நின்றால் ஆண்கள் ஆயுதத்தைக் கீழே போட்டாக வேண்டும். ஒரோமோக்களின் கடா என்ற ஆட்சிமுறையோடு சேர்ந்தது இது. அந்த முறையில் எட்டு ஆண்டுக்கு ஒரு முறை அதிகாரம் அடுத்த குழுவுக்குப் போய்விடும். 2016-இல் யுனெஸ்கோ கடாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

சாவுப் பகுதியில் கொன்சோ மக்களின் வாகா சிற்பங்கள். ஊருக்காகப் போராடிய, சிறுத்தை போன்ற கொடிய விலங்கைக் கொன்ற வீரன் இறந்தால் அவனுக்கு மர உருவம் செய்து வைப்பார்கள். இரு பக்கமும் மனைவிகள், கீழே அவன் கொன்ற எதிரிகளும் விலங்கும். எலும்பில் செய்த பற்கள், வெள்ளைக் கண்கள். இந்தச் சிற்பங்களைக் கல்லறைகளிலிருந்து திருடிக் கலைப்பொருள் வியாபாரிகளுக்கு விற்பது பெரிய தொழிலாகவே நடந்திருக்கிறது. யாரோ ஒருவர் வீட்டு வரவேற்பறையை அழகுபடுத்த இன்னொருவரின் கொள்ளுத்தாத்தாவைப் பிடுங்கிக்கொண்டு போவது என்ன நியாயம்?

இதே தளத்தின் கடைசியில் பேரரசரின் படுக்கையறையும் குளியலறையும் அப்படியே இருக்கின்றன. கட்டில், அலமாரி, 1960 கலவரத்தில் குண்டு துளைத்த கண்ணாடி. அரசரின் கட்டிலுக்கும் மேய்ப்பனின் தலைக்கட்டைக்கும் நடுவே சில அடி தூரம்தான். நான் கட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பத் தலைக்கட்டைக்கே போனேன்.

வெள்ளி

எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர்களுக்குப் புதனும் வெள்ளியும் விரத நாட்கள். இறைச்சி, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் கிடையாது. நம்மைப் போன்ற சைவக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஒரு சின்னக் கடையில் பெயாய்நெட்டு சாப்பிட்டோம். தெஃப் மாவைப் புளிக்கவைத்துச் சுட்ட இஞ்செரா, அதன்மேல் பருப்பு, கீரை, கிழங்கு, முட்டைக்கோஸ் எல்லாம் குவியல் குவியலாக. ஒரே தட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவதுதான் வழக்கம். கடைக்காரம்மா ஒரு கவளம் உருட்டி நேரே என் வாயில் ஊட்டிவிட்டார். குர்ஷா என்ற உபசாரம் அது, மறுக்கக் கூடாது.

இன்றைக்கு மேல்தளம். சமயக் கலையும் இசையும்.

பேரரசர் சர யாக்கோப் காலத்தில், அதாவது 15-ஆம் நூற்றாண்டின் நடுவில், மாதா வழிபாட்டை நாடெங்கும் வலியுறுத்தினார்கள். அதனால் மரப்பலகையில் மேரியும் குழந்தையும் வரைவது பெருகியது. அந்தக் காலத்து ஓவியர்களில் பெயர் தெரிந்தவர் ஃப்ரே செயோன் என்ற துறவி. அவர் வழியில் வந்த படங்களில் மேரியின் முகம் நீண்டு, கண்கள் பெரிதாக, ஒரு சோகத்தோடு இருக்கும். இந்த மரபில் ஒரு விதி உண்டு: நல்லவர்களை நேர்முகமாக, இரண்டு கண்ணும் தெரிய வரைவார்கள், தீயவர்களைப் பக்கவாட்டில், ஒற்றைக் கண்ணோடு. இது தெரிந்துவிட்டால் எந்தப் படத்திலும் யார் எந்தப் பக்கம் என்று சட்டென்று சொல்லிவிடலாம். கூட வந்த பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று இதைத்தான் விளையாட்டாகச் செய்துகொண்டிருந்தது.

என்னை அதிகம் கவர்ந்தவை மந்திரச் சுருள்கள். நோயோ பேய்ப்பிடியோ பிரசவக் கஷ்டமோ உள்ளவர் டெப்தெரா என்ற கோயில் பண்டிதரிடம் போவார். ஆட்டை அறுத்து, அந்தத் தோலைப் பதப்படுத்தி, பட்டையாக வெட்டித் தைத்து, நோயாளியின் உயரம் எவ்வளவோ அவ்வளவு நீளம் சுருளை ஆக்குவார்கள். உச்சி முதல் உள்ளங்கால் வரை காப்பாற்ற வேண்டும் அல்லவா? கீஸ் என்ற பழைய கோயில் மொழியில் பிரார்த்தனைகள், நடுநடுவே நோயாளியின் பெயர் சிவப்பு மையில். அப்புறம் கண்கள். கட்டத்துக்குள் கண், நட்சத்திரத்துக்குள் கண், தேவதையின் முகத்தில் கண். அந்தக் கண்களைப் பார்த்தால் பேய் தானாக ஓடிவிடும் என்பது நம்பிக்கை. ஒரு சுருள் முழங்கை நீளத்துக்கும் கொஞ்சம் அதிகம்தான் இருந்தது. "குழந்தைக்காக இருக்குமோ?" என்றாள் தங்கை. விளக்கம் சொன்ன பெண், "இருக்கலாம், கிழிந்து போன துண்டாகவும் இருக்கலாம்" என்றார். அந்த இடத்தை விட்டு நகர மனம் வரவில்லை.

இசை அறையில் கிரார், மசிங்கோ, வாஷிந்த் எல்லாம் உண்டு. மசிங்கோவுக்கு ஒரே தந்தி, அதுவும் குதிரை மயிர். அஸ்மாரி என்ற பாணர்கள் அதை இழைத்துக்கொண்டே எதிரில் இருப்பவரைப் பற்றி அந்த நிமிடமே பாட்டுக் கட்டுவார்கள். பெகெனா ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவு, பத்துத் தந்தி. தாவீது அரசனின் யாழ் என்பார்கள். தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரை என்ற கட்டைக்கும் நடுவே தோல் துண்டுகளைச் செருகியிருப்பதால் அதன் ஒலி வண்டு முரல்வது போல வரும். தவக்காலத்தில் தனியாக உட்கார்ந்து வாசிக்க வேண்டிய கருவி.

இந்தத் தளத்தில் சிலுவைகளையும் தோல் நூல்களையும் பார்த்துக்கொண்டு போகும்போது, இங்கே இல்லாதவையும் நினைவுக்கு வந்துகொண்டே இருந்தன. 1868-இல் பேரரசர் தெவோத்ரோஸின் மக்தலாக் கோட்டையை பிரிட்டிஷ் படை பிடித்தது. அவர் சிறைப்படாமல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார். கோட்டையிலும் கோயிலிலும் இருந்ததையெல்லாம் கொள்ளையடித்து, 15 யானைகளிலும் சுமார் 200 கோவேறு கழுதைகளிலும் ஏற்றிப் போய், வழியில் ஏலம் போட்டார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு மட்டும் 350 சுவடிகள் போய்ச் சேர்ந்தன. உடைகளும் கிரீடமும் பாத்திரங்களும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. அந்தப் படை இந்தியாவிலிருந்து போன படை. தளபதி நேப்பியர் பம்பாய் ராணுவத் தலைவர். யானைகள் நம் நாட்டிலிருந்து கப்பலேறியவை. கடற்கரையிலிருந்து மலைக்கு வழி அமைத்தவர்களில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவும் இருந்தது. அவர்களின் போர்ப் பெருமைப் பட்டியலில் எத்தியோப்பியாவின் அன்றைய பெயரான அபிசீனியா இன்றும் இருக்கிறது. கட்டளை அவர்களுடையது இல்லைதான். என்றாலும் அந்தக் கொள்ளை இறங்கி வந்த பாதையில் நம்மவர் வியர்வையும் உண்டு.

எடுத்துப் போனவற்றில் 11 தாபோத்கள் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பூட்டிய அறையில் இருக்கின்றன. தாபோத் என்பது ஒவ்வோர் எத்தியோப்பியக் கோயிலின் கருவறையிலும் இருக்கும் புனிதப் பலகை. குருமார் தவிர யாரும் பார்க்கக் கூடாது. ஆகவே லண்டனில் அதைக் காட்சிக்கும் வைக்க முடியாது, ஆராயவும் முடியாது. அங்கே வேலை செய்பவர்களே பார்ப்பதில்லை. யாரும் பார்க்க முடியாத ஒரு பொருளை அருங்காட்சியகம் எதற்காகப் பிடித்து வைத்திருக்க வேண்டும்? 2019-இல் தெவோத்ரோஸின் தலைமுடிக் கற்றையை லண்டன் தேசிய ராணுவ அருங்காட்சியகம் திருப்பித் தந்தது. 1937-இல் இத்தாலி தூக்கிப்போன அக்சும் கல்தூண் 2005-இல் திரும்பி வந்து, 2008-இல் பழைய இடத்திலேயே நிமிர்ந்தது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் பான்கர்ஸ்டும் முக்கியமானவர். தாபோத்களும் வர வேண்டும்.

மாலையில் தங்கை வீட்டுப் பக்கத்து வீட்டம்மா காப்பிக்குக் கூப்பிட்டார். தரையில் பசும்புல் பரப்பி, சாம்பிராணி போட்டு, பச்சைக் காப்பிக் கொட்டையைக் கழுவி நம் கண்ணெதிரே வறுத்து, இடித்து, ஜெபனா என்ற கறுத்த மண் கூஜாவில் கொதிக்கவைத்துச் சின்னச் சின்னக் கோப்பைகளில் ஊற்றினார். கூடவே சோளப்பொரி. முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா, மூன்றாவது பெரெக்கா. மூன்றாவது சுற்றில்தான் ஆசீர்வாதம். அதற்கு முன் எழுந்து போவது மரியாதை இல்லை. நேற்று அருங்காட்சியகத்தில் பார்த்த ஜெபனாவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை, இதில் காப்பி இருந்தது என்பதைத் தவிர.

சனி

ஷிரோ மெடா போனோம். எந்தோத்தோ மலையின் அடிவாரத்தில் இருக்கும் துணிக்கடை வீதி. இங்கே நெய்பவர்களில் பெரும்பாலோர் தெற்கே காமோ மலையிலிருந்து வந்த டோர்ஸே மக்கள். நூற்பது பெண்கள், நெய்வது ஆண்கள் என்பது அவர்கள் வழக்கம்.

கடை வீதிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் ஐந்தாறு குழித்தறிகள். ஓர் இளைஞர் நெய்துகொண்டிருந்தார். வெள்ளைப் பருத்தி பாவு. நாடா பாய்ந்து பாய்ந்து வருகிறது. துணியின் விளிம்புக்கு வந்ததும் வேகம் நின்றுவிட்டது. திபெப் என்ற வண்ணக் கரை அங்கேதான் வருகிறது. பாவு இழைகளை விரலாலேயே எண்ணிப் பிரித்து, பச்சையும் மஞ்சளும் சிவப்பும் தனித்தனி நூலாகச் செருகி, அடித்து, மறுபடி எண்ணுகிறார். விரல் அகலக் கரை வளர்வதற்குள் வெளியே இரண்டு முறை தேநீர் வந்து போய்விட்டது. அவர் முன்னால் வரைபடமோ மாதிரித் துணியோ எதுவும் இல்லை.

கடைகளில் இந்தக் கரையை அச்சடித்த ஆலைத்துணிகளும் தொங்குகின்றன. விலை கால்வாசிகூட இல்லை. "கல்யாணத்துக்குக் கைத்தறி, கல்லூரி விழாவுக்கு இது" என்றார் ஒரு கடைக்காரப் பெண். அவரைக் குறை சொல்ல முடியாது, வாங்குகிறவர்களையும் சொல்ல முடியாது. ஆனால் அந்த இளைஞரின் விரல்களைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அச்சுத்துணியை வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு நெடெலா எடுத்தேன். மெல்லிய பருத்தியில் இரண்டு மடிப்பு, ஊடே வெளிச்சம் தெரியும். இதையே நான்கு மடிப்பாகக் கனமாகச் செய்தால் கபி, குளிருக்குப் போர்த்திக்கொள்வது.

எப்படிப் போர்த்துவது என்று கடைக்காரப் பெண்ணே காட்டிக்கொடுத்தார். சும்மா வெளியே போகும்போது ஒரு பக்கத் தோளில் தவழவிடலாம். கோயிலுக்குப் போகும்போது தலையை மூடி, இரு முனையும் மார்பின் குறுக்கே சிலுவை போல வர வேண்டும். துக்க வீட்டுக்குப் போனால் துணியைத் திருப்பி, வண்ணக் கரை முகத்துக்குப் பக்கத்தில் வரும்படி. தூரத்திலிருந்து பார்த்தே ஒரு பெண் எங்கே போகிறாள் என்று தெரிந்துவிடும். அருங்காட்சியகத்துப் பொம்மையின்மேல் இருந்த நெடெலாவை அழகான துணி என்று மட்டும்தான் பார்த்தேன். ஆள் போட்டு நடந்தால்தான் இதெல்லாம் தெரியவருகிறது. அங்கே அதற்கும் ஒரு சின்ன விளக்கப் படம் வைக்கலாம், வைக்க வேண்டும்.

ஞாயிறு

காலையில் திரித்துவப் பேராலயம். பெண்கள் எல்லோரும் வெள்ளை நெடெலாவில், ஆண்கள் கபியில். காலணியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஹைலி செலாசி இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். 1974-இல் ஆட்சியை இழந்து மறு ஆண்டு இறந்தவருக்கு 2000-இல்தான் முறையான அடக்கம் நடந்தது. சில்வியா பான்கர்ஸ்டின் கல்லறையும் இங்கே இருக்கிறது. இத்தாலி படையெடுத்தபோது லண்டனில் எத்தியோப்பியாவுக்காகப் பத்திரிகை நடத்தியவர். பிறகு இங்கேயே குடிவந்து 1960-இல் இறந்தார். மகன் ரிச்சர்டும் 2017-இல் இதே தோட்டத்தில். அவர் அரண்மனையில் அடுக்கிவைத்த நூல்களின் பக்கத்தில் வெள்ளிக்கிழமை நடந்துவிட்டு, இன்று இங்கே நின்றபோது ஒரு வணக்கம் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பும் வழியில் சிதிஸ்ட் கிலோ சந்திப்பில் இருக்கும் யெகாத்தித் 12 நினைவுத்தூணையும் பார்த்தோம். 1937 பிப்ரவரிப் படுகொலைக்கான தூண் அது, நம் பிப்ரவரி 19 அவர்கள் நாட்காட்டியில் யெகாத்தித் 12. தூணைச் சுற்றிச் செதுக்கிய காட்சிகளில் கொலைகளும் பிண ஊர்வலமும். பல்கலைக்கழக வாசலுக்கு நேர் எதிரே இருப்பதால், அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் உள்ளே நுழையும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. பாஸ்போர்ட் கட்டாயம். அருகிலேயே அமிஸ்ட் கிலோ பக்கம் தேசிய அருங்காட்சியகம் இருக்கிறது; 1974-இல் கிடைத்த, 32 லட்சம் ஆண்டுப் பழமையான லூசியின் எலும்புக்கூட்டுப் பிரதி அங்கேதான். இரண்டையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று பலர் சொல்வார்கள். கேட்காதீர்கள். இனவியல் அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுநாள் கொடுங்கள், முடிந்தால் மறுநாளும் போங்கள்.

நாளைக் காலை அர்பா மிஞ்ச் போகிறோம். அதற்கு மேலே குகே மலையில் டோர்ஸே கிராமங்கள் இருக்கின்றன. அவர்கள் மூங்கிலில் பின்னும் வீடு 12 மீட்டர் உயரம்வரை எழும்பும், முகப்பு யானை முகம் மாதிரி இருக்கும். அடிப்பக்கம் கரையான் அரிக்க அரிக்க வீடு வருஷத்துக்கு வருஷம் குட்டையாகிக்கொண்டே வருமாம். அரித்த பகுதியை வெட்டிவிட்டு, ஊரே கூடி வீட்டை அப்படியே தூக்கி வேறு இடத்தில் வைப்பார்களாம். சனிக்கிழமை பார்த்த நெசவாளர் தன் ஊரும் அங்கேதான் என்று சொல்லி, எந்த வண்டியில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று தங்கையின் நோட்டில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.